இருநூற்றொரு நிமிடம்

ஏழாம் வகுப்புக் குழந்தைகளுக்காக என்.சி.இ.ஆர்.டி. 2007இல் வெளியிட்ட சமூக அறிவியல் புத்தகத்தில், ஆணாகவும் பெண்ணாகவும் வளர்வதைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதில் ஒரு சிறிய அட்டவணை. 1998-99இல் மத்தியப் புள்ளியியல் நிறுவனம் ஆறு மாநிலங்களில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலிருந்து ஹரியானாவையும் தமிழ்நாட்டையும் மட்டும் எடுத்து, ஒரு வாரத்தில் ஆணும் பெண்ணும் சம்பளத்துக்காக எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள், வீட்டுக்குள் சம்பளம் இல்லாமல் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்று கொடுத்திருந்தார்கள். தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு வெளிவேலை 19 மணி, வீட்டுவேலை 35 மணி. ஆணுக்கு வெளிவேலை 40, வீட்டுவேலை 4. மொத்தம் என்ற கட்டத்தில் எண் இருக்காது, கேள்விக்குறி மட்டும் இருக்கும். குழந்தை கூட்டி நிரப்ப வேண்டும். கூட்டினால் பெண்ணுக்கு 54, ஆணுக்கு 44. அரை நிமிடத்தில் முடிந்துவிடும் கணக்குதான். ஆனால் அதை முடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்கும் குழந்தை நிமிர்ந்து பார்க்கும்போது எதிரே அடுப்படியில் யார் நிற்பார்கள் என்பதை அந்தப் பாடத்தை எழுதியவர்கள் யோசித்தே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பாலினச் சமத்துவம் இன்று பள்ளிக்கூடத்துக்குள் நன்றாகவே வந்து அமர்ந்துவிட்ட விஷயம். மார்ச் 8ஆம் தேதி பேச்சுப்போட்டி நடக்கிறது. அக்டோபர் 11 பெண் குழந்தைகள் நாளில் உறுதிமொழி எடுக்கிறார்கள். ஆண் இப்படி, பெண் இப்படி என்று காலங்காலமாக நாம் வைத்திருக்கும் எண்ணங்களைப் பற்றி ப்ராஜெக்ட் எழுதி வரச் சொல்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஸ்டேஷனரிக் கடையில் படங்கள் வாங்கிச் சார்ட் பேப்பரில் ஒட்டி, கல்பனா சாவ்லா பெயரையும் கிரண் பேடி பெயரையும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எப்போதாவது ஒரு பிள்ளைதான் கேள்வியைச் சார்ட் பேப்பரிலிருந்து எடுத்துத் தன் வீட்டின்மேல் வைத்துப் பார்க்கிறது. அப்போதுதான் பெரியவர்களுக்குக் கொஞ்சம் உறுத்த ஆரம்பிக்கிறது.

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அப்படிச் செய்திருந்தாள். கோடு போட்ட நீள நோட்டு ஒன்றில் தன் வீட்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எழுதியிருந்தாள். அரை மணிக்கு ஒரு வரி. அம்மா, அப்பா, அண்ணன், அப்பாயி, நான் என்று ஐந்து பத்தி. அம்மாவின் பத்தி விடிகாலை நாலரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கியது. அப்பாவின் பத்தியில் முதல் எழுத்து ஏழு மணிக்கு எதிரே விழுந்திருந்தது, அண்ணனுடையதில் எட்டரைக்கு. மதியம் இரண்டு மணி வரியில் அம்மாவுக்கு நேராக 'சும்மா படுத்திருந்தது' என்று முதலில் எழுதி, பிறகு அதை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே சிறிய எழுத்தில் 'டிவி பார்த்தது, சின்ன வெங்காயம் உரித்தது, நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய் கிரைண்டரில் மாவு தள்ளிவிட்டது' என்று எழுதியிருந்தாள். முதலில் எழுதியது அம்மா சொன்னது, மேலே எழுதியது தான் பார்த்தது என்றாள். அந்த நோட்டில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது அந்த அடித்தல்தான். உழைத்தவளே தன் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் சொல்லியிருக்கிறாள், பதினான்கு வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கவனித்துத் திருத்தியிருக்கிறாள். அண்ணனுக்கும் அவள் அநியாயம் செய்யவில்லை. 'தண்ணி கேன் தூக்கி வைத்தது' என்று அவன் பத்தியில் ஒழுங்காகக் குறித்திருந்தாள்.

அவள் கையாண்ட முறை, அவளுக்குத் தெரியாமலேயே, நாட்டின் புள்ளியியல் அலுவலகம் கையாளும் முறையாகவும் இருக்கிறது. 2019இல் நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஒரு நாள் என்பதை நள்ளிரவிலிருந்து எண்ணவில்லை. விடிகாலை நாலு மணியிலிருந்து மறுநாள் விடிகாலை நாலு மணி வரை, அரை மணி அரை மணியாகப் பிரித்துக் கேட்டார்கள். அந்தக் கணக்கின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஏதாவது ஒரு வீட்டுவேலை செய்கிறார்கள். ஆண்களில் 26 பேர். செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்ணுக்கு ஒரு நாளில் 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். அதே கணக்கெடுப்பை 2024இல் மறுபடியும் நடத்தினார்கள். பெண்ணின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்திருந்தது. ஆணின் நேரமும் குறைந்து 88 ஆகியிருந்தது. முன்பு இருவருக்கும் நடுவே 202 நிமிடம். ஐந்து ஆண்டுக்குப் பிறகு 201.

இந்த ஐந்து ஆண்டுகள் சாதாரணமான ஐந்து ஆண்டுகள் இல்லை. கொரோனா ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். ஒரு நாளில் எத்தனை பாத்திரம் விழுகிறது என்பதை வீட்டிலுள்ள ஆண்கள் கண்ணால் பார்த்த காலம் அது. இன்னொரு பக்கம், வேலையை இலேசாக்கும் சாதனங்கள் அதற்கும் வெகுநாள் முன்பே நம் வீடுகளுக்கு வந்துவிட்டன. தமிழ்நாட்டில் 2011இலிருந்து அரசே மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தது. அம்மியில் குனிந்து அரைத்த தோள்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அரைத்தவர்களுக்குத்தான் தெரியும், அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சுவிட்சைத் தட்டுகிற வேலை மட்டும், அதற்குப் பெரிய வலுவோ பழக்கமோ தேவைப்படாத போதும், பழைய கையை விட்டுப் போகவில்லை. வேலை கடினமாக இருப்பதால் பெண் செய்கிறாள், பழக்கம் வேண்டும் என்பதால் பெண் செய்கிறாள் என்றெல்லாம் நாம் சொல்லிவந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்த பிறகும் ஏற்பாடு அப்படியே நிற்கிறது.

அதற்காக நாம் எதையும் செய்யாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வதா என்று எதிர்ப்புக் கிளம்பிய காலத்தில் அதைத் தாண்டிப் படித்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் மருத்துவராகி, 1927இல் சென்னை சட்டமன்றத்தின் துணைத்தலைவராகவும் அமர்ந்தார். பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல், அது தமிழ்நாட்டில் சட்டமானது. நாடு முழுவதற்கும் அந்தச் சட்டம் வர இன்னும் பதினாறு ஆண்டு ஆயிற்று. படித்த பெண்ணின் திருமணத்துக்கென்று கொடுக்கப்பட்ட உதவித்தொகையும் பிறகு அதோடு சேர்ந்த தாலித் தங்கமும் 2022இல் புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாயாக விழத் தொடங்கின. கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பிவிட்டது ஒரு சமூகம் தன் பெண் பிள்ளைகளிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதையே மாற்றி எழுதுகிற காரியம். இதையெல்லாம் செய்திருக்கும் நாம் வீட்டு நேரத்தில் மட்டும் ஏன் இப்படி இறுகிப்போயிருக்கிறோம் என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருக்கிறது.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்க வழி பிறந்தது. அவர்களின் சம்பளமில்லாத உழைப்புக்கு அங்கீகாரம் என்று அரசு வெளிப்படையாகச் சொன்னது. அப்படி ஓர் அரசு சொன்னது மிகப் பெரிய விஷயம். பிள்ளைக்கு நோட்டு வாங்கவும், மருந்துக்கும், யாரிடமும் கேட்காமல் எடுத்துச் செலவழிக்கவும் ஒரு தொகை கையில் இருப்பது ஒரு பெண்ணின் குரலையே கொஞ்சம் நிமிர்த்துகிறது. பல வீடுகளில் அதைப் பார்க்கிறோம். ஆனாலும் அரசு பணம் கொடுக்கலாம், நேரம் கொடுக்க முடியாது. ஒரு நாளின் இருபத்துநாலு மணி நேரத்தில் ஒரு நிமிடத்தையாவது அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் அந்த வீட்டிலிருக்கும் இன்னொருவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் சட்டசபையில் மசோதா கொண்டுவர வழியில்லை.

எங்கள் தெருப் பெண்ணின் நோட்டைப் பார்த்துவிட்டு அவள் அப்பா ஒன்று கேட்டார். "நான் வண்டி ஓட்டிச் சம்பாதிக்கிறதை எந்தக் கட்டத்துலம்மா போட்டிருக்கே?" லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்தால் இரவுதான் திரும்புவார். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழித்துவிட்டுப் பேசுவது சரியில்லை. வெயிலில் மூட்டை ஏற்றி இறக்கி வருகிற மனிதரிடம் போய், நீங்கள் பாத்திரம் கழுவுவதில்லை என்று ஒரு பிள்ளை கணக்குக் காட்டினால் அவர் மனம் சங்கடப்படும். அவளும் அதை ஏற்றுக்கொண்டு ஒரு புதன்கிழமையையும் எழுதினாள். அப்பாவின் பத்தி வேலையால் நிரம்பியது. அம்மாவின் பத்தியும் முன்பைவிட நெருக்கமாக நிரம்பியது, ஏனென்றால் வார நாட்களில் அம்மா ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். தையலுக்கும் சமையலுக்கும் நடுவே கோடு எங்கே போடுவது என்று தெரியாமல் சில வரிகளில் இரண்டையும் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பழைய பாடப்புத்தக அட்டவணையிலும் ஆணின் 40 மணி நேரம் மறைக்கப்படவில்லை. அதையும் சேர்த்துத்தான் கூட்டச் சொன்னார்கள். கூட்டிய பிறகும் பத்து மணி நேரம் மிச்சமிருந்தது.

சமையல் ஆணுக்கு வராது என்று நம் ஊரில் யாரும் உண்மையில் நம்புவதில்லை. கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். ஆயிரம் பேருக்கு சாம்பார் கொதிக்கிற அண்டாவைக் கிண்டிக்கொண்டிருப்பவர் ஆண். பரோட்டா மாஸ்டர் ஆண், டீ மாஸ்டர் ஆண், ஸ்வீட் ஸ்டால் பின்னால் வேர்வை வடிய ஜாங்கிரி பிழிபவர் ஆண். பெண்களின் ரவிக்கையைத் தைக்கும் டெய்லரும் பல ஊர்களில் ஆண்தான், தெருமுனையில் துணி தேய்ப்பவரும் ஆண்தான். அதே மாஸ்டர் வீட்டுக்குப் போனதும் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் அதை யாரும் விநோதமாக நினைப்பதில்லை. ஆண் என்றால் இது, பெண் என்றால் அது என்று நாம் பிரித்து வைத்திருக்கும் வேலைகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், ஒரு வேலைக்குச் சம்பளம் வந்ததும் அது ஆணின் கைக்குப் போகிறது, சம்பளம் போனதும் பெண்ணின் கைக்குத் திரும்புகிறது. கையின் இயல்பைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட விளக்கம்.

வயலிலும் இப்படித்தான். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள், ஆனால் விவசாயி என்று படம் வரையச் சொன்னால் தலைப்பாகை கட்டிய ஆணைத்தான் பிள்ளைகள் வரைகிறார்கள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற வழக்கம், சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976லேயே சட்டம் வந்த பிறகும் வயற்காட்டில் ஓயவில்லை. இருவருக்கும் ஒரே கூலி என்று விதியாகவே எழுதப்பட்ட நூறு நாள் வேலையில் மட்டும், தமிழ்நாட்டில் வேலை நாட்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்களுடையவையாக இருந்தன. பெண்கள் வெளிவேலைக்கு வர விரும்புவதில்லை என்று சொல்கிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு கண்மாய்க்கரைக்குப் போய் நின்று பார்க்கலாம்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வரும்போது நாம் சந்தோஷப்படுகிறோம். 2024இல் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37. அதற்கு முந்தைய ஆண்டு 96.38, 91.45. வருடம் மாறினாலும் யார் முன்னால் என்பது மாறுவதில்லை. மேற்படிப்பிலும் தமிழ்நாட்டில் 2021-22 கணக்கில் பெண்கள் ஆண்களைவிட ஒரு நூலளவு முன்னால் நின்றார்கள். நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நம் மாநிலத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த மாணவிகள் அவ்வளவு மதிப்பெண்ணையும் எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்று கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. பரீட்சைக்கு முந்தைய வாரம்வரை வாசல் தெளித்து, தம்பிக்குச் சோறு போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்த பெண்ணின் 560ஐயும், சாப்பிட்ட தட்டை அங்கேயே விட்டுவிட்டு எழுந்த பையனின் 560ஐயும் நாம் ஒரே எண்ணாகத்தான் பார்க்கிறோம். சில வீடுகளில் அந்த எண் கடைசியில் ஜாதகத்தோடு இணைத்து அனுப்பப்படும் தாளில் ஒரு வரியாகப் போய்ச் சேர்கிறது. நல்ல படிப்பு நல்ல இடத்தைக் கொண்டுவரும் என்று அதற்கு அர்த்தம்.

இதில் எனக்கு மிகவும் சிக்கலாகத் தெரிவது மாலை நேரம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகிறார்கள். எவ்வளவோ பெண்களை அது வீட்டுப்படியைத் தாண்ட வைத்திருக்கிறது. ஆனாலும் டியூஷன் முடிந்து ஏழு மணிக்கு இறங்கும் பெண்ணுக்காக நிறுத்தத்தில் அப்பா வண்டியோடு காத்து நிற்கிறார். அண்ணன் ஒன்பது மணிக்கு வந்தால் யாரும் நிற்பதில்லை. எங்கள் தெருப் பெண்ணின் நோட்டில் 'வீட்டுக்குள் வந்தாக வேண்டிய நேரம்' என்று அவள் தனியாக ஒரு வரி போட்டிருந்தாள். தனக்கு நேராக 6.30 என்றும் அண்ணனுக்கு நேராக ஒரு சிறிய கோடும் போட்டிருந்தாள். நிறுத்தத்தில் காத்து நிற்கும் அப்பாவிடம் போய் நீங்கள் பிற்போக்கானவர் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, நாளிதழின் உள்பக்கங்களில் தினமும் இருக்கிறது. ஆபத்து வரக்கூடிய பிள்ளையை உள்ளே வைப்பதும், ஆபத்தாக மாறக்கூடிய பிள்ளையை வெளியே விடுவதும் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகப் பார்த்தால் அறிவுள்ள முடிவுதான். எல்லா வீடுகளும் சேர்ந்து அப்படி முடிவெடுத்தபின் மாலை ஏழு மணித் தெரு முழுக்க ஆண்களுடையதாகி, தனியே நடந்துவரும் ஒரு பெண் எல்லாருடைய கண்ணிலும் படும்படி ஆகிவிடுகிறாள். அவளுக்கு ஆபத்து கூடுகிறது, அதனால் அப்பாக்களின் பயமும் கூடுகிறது. நம் அன்பே பூட்டாகிப்போன இந்த இடத்தை எப்படித் திறப்பது என்று ஒரு ஒன்பதாம் வகுப்பு ப்ராஜெக்ட் சொல்லிவிட முடியாது. ஆனால் அண்ணனுக்கு நேராக இருந்த அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, மகனிடம் நாம் எதையுமே கேட்டு வைக்கவில்லையே என்று ஒரு தகப்பனுக்குத் தோன்றினால் அங்கிருந்து ஏதாவது தொடங்கலாம்.

பையன்களைப் பற்றிப் பேசாமல் இதைப் பேசவும் முடியாது. பிளஸ் டூ முடிவின் அந்த நாலு சதவீத இடைவெளியில் தோற்று நிற்பவர்கள் பையன்கள். தோற்பதற்கு முன்பே பள்ளியை விட்டு நின்றுபோய், பத்தாவதோடு மெக்கானிக் ஷெட்டுக்கும் கொத்து வேலைக்கும் போனவர்கள் அந்தக் கணக்கில்கூட வருவதில்லை. 'ஆம்பளப் புள்ள, எப்படியும் பொழச்சுக்குவான்' என்று நாம் தைரியமாகக் கைவிட்டவர்கள் அவர்கள். அழுதால் 'என்னடா பொம்பளப் புள்ள மாதிரி' என்று கேட்டு, ஒரே வாக்கியத்தில் அவனையும் அவன் அக்காவையும் சேர்த்துச் சிறுமைப்படுத்துகிறோம். தனியாக வெளியூருக்கு வேலைக்குப் போன பையன் மூன்று வேளையும் கடையில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்துக் கண் கலங்கும் அம்மாவே, அவன் இங்கே இருந்த பதினெட்டு ஆண்டும் அவனை அடுப்புப் பக்கம் வரவிடாதவர். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் எளிய திறமையை அன்பின் பெயரால் நாம் அவனிடமிருந்து எடுத்துவிடுகிறோம்.

இந்த எண்ணங்கள் பிள்ளைகளின் மனதில் எவ்வளவு சீக்கிரம் படிந்துவிடுகின்றன என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1983இல் வெளியிட்டது. 4,807 குழந்தைகளை ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லியிருந்தார்கள். பெண் விஞ்ஞானி இருந்த படங்கள் 28 மட்டும், அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். அது வேறு நாட்டுக் குழந்தைகளைப் பற்றியது, அதன்பின் அங்கே நிலைமை நன்றாக முன்னேறியிருக்கிறது என்பதும் உண்மை. நம் பக்கத்திலும் காட்டுவதற்கு முகங்கள் இருக்கின்றன. ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக இருந்த வளர்மதி அரியலூர்க்காரர். 2023இல் சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தை இயக்கிய நிகர் ஷாஜி செங்கோட்டையில் படித்தவர். பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டும், சுவரில் ஒட்டவும் வேண்டும். கூடவே, இப்படி உயரத்துக்குப் போன பெண்களிடம் வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தவறாமல் கேட்கிற நாம், அதே உயரத்திலிருக்கும் ஆண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதையும் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2024 ஜூனில் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் ஒன்றில், சமையலறையில் உட்கார்ந்து அப்பா தேங்காய் துருவுவது போல ஒரு படம் வந்தது. நாடு முழுக்க அது செய்தியாயிற்று. ஒரு மனிதர் தன் வீட்டில் தேங்காய் துருவுவது செய்தி ஆகும் அளவுக்கு நாம் இருக்கிறோம் என்று வருத்தப்படலாம், அதை வரைந்து மூன்றாம் வகுப்பிலேயே காட்ட ஓர் அரசு துணிந்ததே என்று நிம்மதியும் கொள்ளலாம். எனக்கு இரண்டும் தோன்றியது. அந்தப் படத்தைப் பார்த்த எட்டு வயதுக் குழந்தைகளில் சிலர் அன்று மாலை வீட்டுக்குப் போய், தேங்காய் துருவியைத் தேடியெடுத்து அப்பாவின் கையில் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் தெருப் பெண்ணின் ப்ராஜெக்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. டீச்சர் சிவப்பு மையில் பாராட்டி எழுதியிருந்தார். நோட்டு அலமாரிக்குள் போய்விட்டது. அது அங்கேயே கிடக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் அமைந்திருக்கும் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நடைமுறையில் பல கூட்டங்களில் பாதிக்கு மேலேயே பெண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏனென்றால் பிள்ளையின் பள்ளிக்கூட விஷயம் அம்மாவின் வேலை. இந்த மாதிரி நோட்டுகளை வாசித்துக் காட்டுவதற்கு அந்தக் கூட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. அப்பாக்கள் வரமுடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதைக் கூட்டி, பெயர் சொல்லாமல், யாரையும் குற்றவாளியாக நிறுத்தாமல், நாலைந்து வீட்டின் அட்டவணைகளைப் பலகையில் எழுதிப்போட்டால் போதும். எல்லாரும் தங்கள் வீட்டை அதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இன்னொன்றையும் பள்ளிகள் யோசிக்க வேண்டும். பாலினச் சமத்துவம் என்று பேச்சுப்போட்டி வைத்தால் மேடையேறுவது பெரும்பாலும் மாணவிகள். நாற்காலி போடுவதும் மைக் கட்டுவதும் மாணவர்கள். இந்தத் தலைப்பில் மனம் வைத்து எழுதுவதும் மாணவிகள்தான். அந்த நோட்டை எழுத எங்கள் தெருப் பெண்ணுக்குப் பல இரவுகள் பிடித்தன. பாத்திரம் கழுவி முடித்த பிறகு கிடைத்த நேரத்தில் உட்கார்ந்து எழுதினாள். சமமில்லாத நேரத்தைக் கண்டுபிடிக்கும் வேலையும் நேரம் இல்லாதவளின் தலையிலேயே விழுந்திருக்கிறது. அதை அவளே உணர்ந்திருக்க வேண்டும். அடுத்த மாதக் கணக்கை அண்ணன்தான் எழுத வேண்டும், ஒரு வாரம் முழுக்க, அம்மா எழுந்திருக்கும்போது தானும் எழுந்து பார்த்து எழுத வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். அப்பா சரி என்றுவிட்டார். அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.